காட்டம் இல்லாத சுருட்டு: புதிதாகப் பிடிப்பவருக்கு நான் சொல்லும் ஐந்து

நான் பிடித்த முதல் சுருட்டைப் பாதிகூட முடிக்கவில்லை. ஆபீஸில் கூட வேலை பார்க்கிற நண்பருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை பிறந்தால் அப்பா தன் நண்பர்களுக்குச் சுருட்டுக் கொடுப்பது அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கம். கட்டைவிரலைவிடத் தடிமனாக, கருப்பட்டி நிறத்தில் ஒன்றை என் கையில் வைத்தார். சாயங்காலம் ஐந்தரை மணி. மதியம் ஒரு வாழைப்பழம்தான் சாப்பிட்டிருந்தேன். எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிகரெட் பிடிப்பவர்களைப் பார்த்த பழக்கத்தில் விடாமல் இழுத்தேன். கால் மணி நேரத்தில் நெற்றியெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அப்புறம் அவர் வீட்டுக் குளியலறைத் தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வந்தது. உறையூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் யாராவது விளையாட்டாக ஒரு துண்டு புகையிலை கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் "சாப்டியாடி?" என்றுதான் கேட்பார். வெறும் வயிற்றில் போட்டால் தலை கிறுகிறுக்கும். அப்படி ஆனவருக்கு வாயில் கொஞ்சம் சர்க்கரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார். சுருட்டும் அதே புகையிலைதான். அந்தச் சாயங்காலம் அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆறு வருஷம் ஆகிறது. இப்போது டாலஸில் இருக்கும் என் அத்தை மகன் செந்தில், "மச்சான், புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு எது நல்லது?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்குப் போனில் சொல்ல ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் எழுதிவிடுகிறேன். நான் இருப்பது ஃப்ளோரிடாவில் டாம்பா பக்கம். சுருட்டு வாங்க இதைவிட வசதியான ஊர் இந்த நாட்டில் குறைவு. இந்த மாநிலத்தில் சுருட்டுக்குத் தனிப் புகையிலை வரி இல்லை. வாங்குகிறவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது 2019 டிசம்பரிலிருந்து நாடு முழுவதும் சட்டம்.

ஒன்றை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. சுருட்டுப் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ளது. அதனால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கிற அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் இதனால் வரும். இதுவரை புகையிலையைத் தொடாதவர் யாரையும் தொடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. பிடிப்பது என்று முடிவு செய்துவிட்ட பெரியவர்கள் அதைக் குறைவாகவும் ருசியாகவும் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மாதத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுக்குள், காருக்குள் கிடையாது. பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் விளையாடும்போதும் கிடையாது.

சரி, கடைக்கு வருவோம்.

டாம்பாவுக்குள் ஈபோர் சிட்டி என்று ஒரு பழைய பகுதி இருக்கிறது. விசென்டே மார்ட்டினெஸ் ஈபோர் என்ற சுருட்டு முதலாளி 1885-ல் இங்கே நிலம் வாங்கி, தொழிற்சாலையும் தொழிலாளர்களுக்கு வீடுகளும் கட்டிய இடம். அப்போது கியூபாவிலிருந்து இலை கப்பலில் வந்துவிடும், சரக்கு வெளியே போக ரயில் உண்டு, இலை உலர்ந்து நொறுங்காத ஈரக்காற்றும் உண்டு. கியூபர்கள், ஸ்பானியர்கள், சிசிலிக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் இங்கே உட்கார்ந்து சுருட்டுச் சுற்றினார்கள். அவர்கள் வேலை செய்யும்போது ஒருவர் உயரமான மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் சத்தமாக வாசிப்பார். அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி இல்லை, தொழிலாளர்களே காசு போட்டுக் கொடுத்தார்கள். 1931-ல் முதலாளிகள் அந்த வாசிப்பை நிறுத்தினார்கள். அதை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது. இன்றைக்கு ஏழாவது அவென்யூவில் இரும்புக் கம்பி பால்கனிகளுக்குக் கீழே நடந்தால் காபி வாசனையும் புகையிலை வாசனையும் கலந்து வரும், நடுவில் சேவல்கள் தம் பாட்டுக்குச் சாலையைக் கடக்கும். அவற்றை யாரும் விரட்டுவதில்லை.

அந்தத் தெருவை ஒட்டிய சின்னக் கடை ஒன்றில்தான் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன். கடையில் இருந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் என் குளியலறைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டார். இன்றைக்குச் சாப்பிட்டீர்களா? காபியை எப்படிக் குடிப்பீர்கள்? எவ்வளவு நேரம் இருக்கிறது?

முதல் கேள்வியைக் கேட்டதும் அப்பாயியே கடைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. காபிக்கு நான் "டிகாஷன் தூக்கலாக, ஆனால் பால் விட்டு" என்று சொன்னேன். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கடுங்காபி குடிக்கிறவருக்குக் கசப்பும் காட்டமும் நாக்குக்குப் பழகியிருக்கும், பால் விட்டுக் குடிக்கிறவருக்கு மென்மையான இலையில்தான் ருசி தெரியும் என்றார். இது விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் நாலைந்து பேருக்கு இதே கேள்வியைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒருமுறையும் பிசகவில்லை.

எனக்கு அப்போது இருந்த பெரிய தடை என் மனதிலேயே இருந்தது. எங்கள் பக்கம் சுருட்டு என்றால் காட்டம். கருப்பண்ணசாமிக்குப் படையலில் வைப்பது, தாத்தா வயலுக்குப் போகுமுன் பற்றவைப்பது, கிட்டே போனால் கண் எரிவது. "சீரூட்" என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். திருச்சிச் சுருட்டு வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி லண்டன் வரை விற்றது. அதனால் மென்மையான சுருட்டு என்று அந்த அம்மா சொன்னபோது, தண்ணீர் கலந்த மோரைக் கொடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று புரிய இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. காட்டம் வேறு, ருசி வேறு. காட்டம் என்பது நிக்கோட்டின் உடம்பில் ஏறும் வேகம். ருசி நாக்கிலும் மூக்கிலும் இருப்பது. காட்டம் குறைவாக இருந்தும் ருசி நிறைந்த சுருட்டுகள் உண்டு. காட்டம் அதிகமாக இருந்தும் வெறும் எரிச்சலைத் தவிர ஒன்றும் தராதவையும் உண்டு.

காட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் கடையில் பாதி வேலை முடிந்தது. ஒரே புகையிலைச் செடியில் அடி இலை நிழலில் வளர்கிறது, மெல்லியதாக இருக்கும், நன்றாக எரியும், காட்டம் குறைவு. ஸ்பானிஷில் அதை வோலாடோ என்பார்கள். அதற்கு மேலே செக்கோ, மணம் அதில் இருக்கிறது. இன்னும் மேலே விசோ. உச்சியில் வெயிலை முழுக்க வாங்குகிற தடித்த, எண்ணெய்ப் பசை உள்ள இலை லிகேரோ. காட்டம் அங்கேதான். உள்ளே எந்த இலையை எவ்வளவு வைத்துச் சுற்றுகிறார்கள் என்பதுதான் ஒரு சுருட்டை மென்மையாகவோ கடுமையாகவோ ஆக்குகிறது. அதனால் கடையில் கேட்க வேண்டியது, "உள்ளே லிகேரோ எவ்வளவு?" புதியவர் ஒருவர் இப்படிக் கேட்டால் விற்கிறவர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதும் அங்கே கற்றதுதான். மதுரோ என்ற கறுத்த இலை நீண்ட நாள் புளிக்கவைத்ததால் கறுத்தது. பல மதுரோக்கள் இனிப்பாக, சாதுவாக இருக்கும். வெளுத்த மேல் இலைக்குள் கடும் நிகராகுவா இலை வைத்துச் சுற்றியவையும் இருக்கின்றன. என்றாலும் புதியவருக்கு வெளுத்த கனெக்டிகட் ஷேட் இலை நல்ல அடையாளம். கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900-ல் வயல் முழுவதும் துணிப் பந்தல் போட்டு இந்த இலையை வளர்க்க ஆரம்பித்தார்கள். அப்போது சுமத்ராவிலிருந்து வந்த மெல்லிய இலை அமெரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஈடாக வெப்பமண்டல ஈரத்தையும் நிழலையும் பந்தலுக்குள் உண்டாக்கினார்கள். இன்றைக்கு அதே விதையை எக்வடாரில் பந்தல் இல்லாமலே வளர்க்கிறார்கள். அங்கே வருஷத்தில் பெரும்பகுதி மேகமே பந்தலாக நிற்கிறது. வெயில் படாத இலை பட்டு மாதிரி மெல்லியதாக, நரம்பு தெரியாமல் இருக்கும். புகையில் பால் ஏடு போன்ற ஒரு வழுவழுப்பு வரும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நீளம் அங்குலத்தில், தடிமன் ஓர் அங்குலத்தின் 64-ல் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். 5 × 50 என்றால் 5 அங்குல நீளம், கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் தடிமன். இதுதான் ரொபஸ்டோ. ஒல்லி என்றால் மென்மை என்று நினைத்து ஒல்லிச் சுருட்டை எடுக்காதீர்கள், வேகமாக இழுத்தால் அது சீக்கிரம் சூடேறிக் கசக்கும். நீளமும் வேண்டாம். எரிய எரியப் பின்பகுதியில் நிக்கோட்டினும் தாரும் சேரும், கடைசி மூன்றில் ஒரு பங்கு எப்போதுமே முதல் பங்கைவிடக் காட்டம். 4 1/2 அல்லது 5 அங்குலத்துக்குள், 42-லிருந்து 50 வரை தடிமன், அது போதும்.

இனி ஐந்தையும் சொல்கிறேன். எல்லாமே நான் குறைந்தது மூன்று தடவை பிடித்துப் பார்த்தவை. ஒரு சுருட்டை ஒரே தடவையில் எடைபோட முடியாது. கையால் செய்த பொருள், அன்றைக்கு நாம் சாப்பிட்டதும் அடிக்கிற காற்றும்கூட ருசியை மாற்றும்.

அந்த அம்மா முதலில் கொடுத்தது மக்கனூடோ கஃபே. கனெக்டிகட் ஷேட் மேல் இலை, அதன் உள்ளே கட்டும் இலை மெக்சிகோவின் சான் ஆண்ட்ரெஸ், உள் இலையில் டொமினிகன் குடியரசின் இலை. ஜமைக்காவில் பிறந்து இப்போது டொமினிகன் குடியரசில் செய்யப்படுகிற பிராண்டு. அமெரிக்காவில் எந்தச் சுருட்டுக் கடையிலும் இருக்கும். பற்றவைத்ததும் அறுவடை முடிந்த வயலில் புது வைக்கோல் போர் பக்கம் நிற்கிற வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் தோல் நீக்காத பாதாமை மென்ற மாதிரி. தொண்டையில் எதுவும் குத்தவில்லை, தலை சுற்றவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எரிந்தது. பழகியவர்கள் சிலர் இதை ரொம்பச் சாது என்பார்கள். முதல் தடவைக்கு அந்தச் சாதுதான் வேண்டும். எனக்கு அந்தப் பழைய பயம் போனது இதனால்தான். நான் கொடுத்தது 9 டாலருக்குப் பக்கம்.

இரண்டாவது ஆஷ்டன் கிளாசிக். ஃபிலடெல்ஃபியாவில் சுருட்டுக் கடை நடத்திய ராபர்ட் லெவின் 1985-ல் தொடங்கிய பிராண்டு, சுற்றித் தருவது டொமினிகன் குடியரசில் ஃபுவென்டே குடும்பத்தின் தொழிற்சாலை. இதுவும் கனெக்டிகட் மேல் இலைதான், ஆனால் உள்ளே முழுக்க டொமினிகன் இலை. மக்கனூடோவைவிட ஒரு படி செழுமை. காய்ச்சிய பாலில் ஏடு கட்டும்போது வருமே, அந்த மணம். நடுப்பகுதியில் லேசாக வெள்ளை மிளகு. விலை கூடுதல், அதனால் நான் தீபாவளி, பொங்கல் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதுதான் என் மனதுக்குப் பிடித்தது. சாட்டோ ஃபுவென்டே. அர்ட்டூரோ ஃபுவென்டே குடும்பம் 1912-ல் இதே டாம்பாவில் தொழில் ஆரம்பித்து, 1980-ல் டொமினிகன் குடியரசின் சாந்தியாகோவுக்குப் போனது. 4 1/2 அங்குலம், 50 தடிமன். மெல்லிய சிடார் மரச் சீவலில் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தச் சீவலை உருவி மூக்கருகே வைத்தால் பழைய மர பீரோவைத் திறந்த வாசனை. அதைக் கீறிப் பற்றவைத்து அதன் நெருப்பிலேயே சுருட்டைப் பற்றவைக்கலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். லைட்டரின் அவசரம் அதில் இல்லை. முதல் ஐந்து நிமிஷம் மரமும் கொஞ்சம் மிளகும். அப்புறம் அது அடங்கி, வறுத்த முந்திரியும் டிகாஷனும் கலந்த மாதிரி ஒரு ருசி வந்து நிற்கும். சாம்பல் வெளுப்பாக, உதிராமல் ஓர் அங்குலம் வரை நிற்கும். 45 நிமிஷத்தில் முடிந்துவிடும், அது எனக்குச் சரியான நேரம். மக்கனூடோவைவிடக் காட்டம் கொஞ்சம் கூடுதல்தான், மறுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்தக் கூடுதல் உடம்புக்குத் தெரியாது, நாக்குக்கு மட்டும் தெரியும். விலையும் நியாயம். 8 டாலருக்குள் வாங்கியிருக்கிறேன். இந்த விலையில் இவ்வளவு பொறுப்பாகச் சுற்றிய சுருட்டு எனக்கு வேறு அகப்படவில்லை.

நான்காவது பெர்லா டெல் மார். இது ஜே. சி. நியூமன் கம்பெனியின் சரக்கு, நிகராகுவாவில் செய்கிறார்கள். பெட்டியில் அழுத்தி நாலு பட்டையாக வைத்திருப்பதால் மேசையில் உருளாது, விரலுக்கும் வாகாக இருக்கும். எக்வடாரில் வளர்ந்த கனெக்டிகட் மேல் இலை, உள்ளே நிகராகுவா. நிகராகுவா இலை என்றதும் நான் தயங்கினேன், ஆனால் இதில் அது பணிவாகத்தான் பேசுகிறது. கடைசியில் மட்டும் லேசான மண் வாசனையும் காரமும் தலைகாட்டும். இந்தக் கம்பெனியின் தொழிற்சாலை ஈபோர் சிட்டியில் 1910-ல் கட்டிய மணிக்கூண்டுக் கட்டிடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் சுருட்டுக்கே பேர்போன இந்த ஊரில் இன்று ஓடுகிற பெரிய சுருட்டுத் தொழிற்சாலை அது ஒன்றுதான். உள்ளே அருங்காட்சியகம் உண்டு, கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார்கள். கையால் சுற்றுபவர்கள் அரைவட்டக் கத்தியால் இலையைச் சீவுவதை நான் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். உறையூரில் எங்கள் தெருக் கோடியில் சுருட்டுச் சுற்றியவர்கள் தரையில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்திருப்பார்கள். இலையை இழுத்துப் பிடித்து உருட்டுகிற அந்த விரல் அசைவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஐந்தாவது ஒலிவா கனெக்டிகட் ரிசர்வ். இதை முதலில் எடுக்க வேண்டாம், நாலைந்து தடவை பழகிய பிறகு. மேல் இலை எக்வடார் கனெக்டிகட், உள்ளே நிகராகுவாவின் இலை. மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் நிற்கிறது. புகை கனமாக வாய் நிறைய வரும், பின்னால் மிளகு. வேறு வகைகளை நோக்கிப் போக ஆசைப்படுகிறவருக்கு இது நல்ல படிக்கட்டு.

டேவிடாஃப் என்ற விலை உயர்ந்த பிராண்டு பற்றிக் கேட்பீர்கள். சுத்தமான வேலை, மென்மை, எல்லாம் உண்மை. ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த விலை கொடுப்பது வீணை பழகாதவர் தஞ்சாவூர் வீணை வாங்குவது போல. கியூபச் சுருட்டு அமெரிக்காவில் விற்பனைக்குக் கிடையாது, தடை இருக்கிறது. லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஹோயோ தெ மோன்டெர்ரே எபிக்யூர் நம்பர் 2 ஒன்று வாங்கிப் பார்த்தேன். கியூபா என்றால் காட்டம் என்ற நினைப்பை அது மாற்றியது. பூ மணமும் காபியும் கலந்த மென்மை. லண்டன் விலைதான் மறுபடி வாங்கவிடாது.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வெனிலா, செர்ரி என்று வாசனை ஏற்றி, நுனியில் இனிப்புத் தடவியவை வேறு ஊர்க் கடை ஒன்றில் "புதியவருக்கு இதுதான்" என்று என்னிடம் தள்ளப்பட்டன. இனிப்பு நாக்கில் நின்றது, இலை என்ன ருசி என்று கடைசிவரை தெரியவில்லை. அதே மாதிரி, பெட்டியில் "மைல்ட்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, செய்பவர் சொல்வதுதான் கணக்கு. தபாலில் மலிவாகக் கட்டாக வாங்கிய ஒரு சரக்கு காய்ந்து போய் வந்தது, மேல் இலை தொட்டதும் வெடித்தது. காய்ந்த சுருட்டு வேகமாகச் சூடாக எரியும். எவ்வளவு மென்மையான இலையும் அப்போது தொண்டையைக் கீறும். கடையில் வாங்கும்போது மெதுவாக இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கித் திரும்ப எழ வேண்டும். மொறுமொறுவென்று சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள்.

பிடிக்கிற முறையிலும் பாதி மென்மை இருக்கிறது. மூடிய பக்கத்தில் தொப்பி மாதிரி ஒரு துண்டு ஒட்டியிருக்கும், அதில் 2 மில்லிமீட்டர் மட்டும் கூர்மையான கட்டரால் ஒரே வெட்டு. ஆழமாக வெட்டினால் மேல் இலை பிரிந்து வரும். நம்மூர்ச் சுருட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது இரண்டு பக்கமும் திறந்திருக்கும். மெழுகுவத்தி வேண்டாம், பெட்ரோல் வாசனை உள்ள லைட்டர் வேண்டாம். பியூட்டேன் லைட்டர், தீக்குச்சி அல்லது சிடார் சீவல். நெருப்பை நேராகத் தொடவிடாமல், அடியைச் சுற்றிச் சுற்றிக் காட்டிச் சிவக்கவைத்து, அப்புறம்தான் இழுக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். புகை வாயோடு நின்று திரும்ப வேண்டும். என் முதல் அனுபவத்தில் நான் நிமிஷத்துக்கு ஐந்தாறு இழுத்திருப்பேன். அந்தக் கறுத்த சுருட்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். தலை லேசாகச் சுற்றுகிற மாதிரி இருந்தால் கீழே வைத்துவிட்டு இனிப்பாக எதையாவது வாயில் போடுங்கள், காற்றாட உட்காருங்கள். அன்றைக்கு அதோடு போதும், முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசி இரண்டு அங்குலம் எனக்குப் பெரும்பாலும் கசக்கிறது, விட்டுவிடுகிறேன். நசுக்கி அணைக்க வேண்டாம், சாம்பல் தட்டில் வைத்தால் தானே அணைந்துவிடும். நசுக்கினால் நாற்றம் ராத்திரி வரை போகாது.

வீட்டில் வைக்க விலை உயர்ந்த மரப்பெட்டி தேவையில்லை. ஃப்ளோரிடாவில் வெளியே ஈரம் வழிகிறது, ஏசி போட்ட வீட்டுக்குள் காற்று காய்ந்துவிடுகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் 65 சதவீத ஈரப்பதம் காக்கிற ஒரு பொவேடா பாக்கெட், அவ்வளவுதான். சமையலறையில் மசாலா டப்பாக்கள் பக்கம் வைக்காதீர்கள், இலை வாசனையை இழுத்துக்கொள்ளும். என்னுடையது துணி அலமாரியின் அடித்தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டுக்குள் இருக்கிறது.

2023-ல் ஊருக்குப் போனபோது உறையூரில் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கி, தாத்தா உட்கார்ந்த அதே திண்ணையில் ஒன்றைப் பற்றவைத்தேன். கறி விருந்து முடிந்த மதியம். மூன்றாவது இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மணம் எனக்கு உயிர், தெருவே அந்த மணத்தில் வளர்ந்தது. ஆனால் செந்திலுக்கு முதல் சுருட்டாக அதை நான் கொடுக்க மாட்டேன். அவன் காபியிலும் பால்தான் அதிகம்.

வருகிற சனிக்கிழமை டாலஸிலிருந்து வருகிறான். டப்பாவில் ஒரு மக்கனூடோவும் இரண்டு சாட்டோ ஃபுவென்டேயும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மதியம் வஞ்சிர மீன் குழம்பு, சோறு. நாலு மணிக்குப் பிள்ளைகள் நீச்சல் வகுப்புக்குப் போன பிறகு கொல்லைப்புறத்தில் நாற்காலி போடுவோம். அவனுக்கு முதலில் மக்கனூடோ.